சவலை சிவக்கக் கூடாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பாக்டீரியா வளர்த்தோம். ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தவள் அக்கா மட்டும்தான். (கூடப் பிறந்தவள் அல்ல. எனக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவள், அதனால் அக்கா.) நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எழுத்தாளனாகிவிட்டேன்.

முதல் வரி: ஒளியை உண்டு வாழும் அந்தச் செந்நிற நுண்ணுயிரியின்...

அடச்சே, பாடப்புத்தகம். இன்னொன்று:

விளக்குகளின் கதகதப்பில் அவள் முகம்...

அக்கா படித்தால் செருப்பைத் தேடுவாள். நேராகவே சொல்கிறேன். வெளிச்சத்தில் வளர்ந்து குழாயைச் சிவக்க வைக்கும் பாக்டீரியா அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக்கி, அதைத் தின்று பெருகும். அக்கா கண்டுபிடித்ததற்குப் பிறவிக் கோளாறு: அமோனியா ஆக்கும், தின்னத் தெரியாது. சமைத்ததையெல்லாம் வெளியே கொட்டிவிட்டுப் பட்டினி கிடக்கும். குளுட்டமின் என்ற சத்தை நாம் ஊட்டினால்தான் பிழைக்கும். 'சவலை' என்று கூப்பிட்டாள்.

2

பாக்டீரியா வளரும் தட்டுகளை வெல்வெட் துணியால் ஒவ்வொன்றாக ஒற்றிப் பிரதி எடுத்து, வருடக்கணக்கில் அதைத் தேடினாள். ஆறிய டீயைக் குழாய்கள் வளரும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்துச் சூடாக்கிக் குடிப்போம், விதிப்படி பெருங்குற்றம். அந்த டீ இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அந்த நாட்களுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

3

அக்கா பிரசவத்துக்குப் போனபோது எங்கள் பேராசிரியர் சவலையைப் பார்த்துக்கொண்டார். குளுட்டமின் போட மறந்துவிட்டார். கோடியில் ஒன்று தானாகவே கோளாறு நீங்கித் தேறிவிடும்; ஊட்டாவிட்டால் சவலையெல்லாம் செத்து, அது மட்டும் பெருகிக் குழாயை நிரப்பும். குழாய் சிவந்ததும் மனிதர் பூரித்து ஆஸ்பத்திரிக்கே ஓடினார்.

"உன் சவலை தேறிட்டான்மா!"

அக்கா அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நர்ஸ் துடைத்துவிட்டார். பிள்ளை தேறியதற்கு அழுகிற தாயை அவர் எங்கே கண்டார்!

(பேராசிரியரைக் கெட்டவராக்கினால் கதை விறுவிறுப்பாகும். முயன்றேன். மனசு வரவில்லை.)

4

ஃப்ரீசரில் ஒரே ஒரு குழாய் மிஞ்சியது. அந்த மறதிக்கு முந்தியதா, பிந்தியதா? லேபிளில் தேதி அழிந்திருந்தது. அக்கா சோதிக்கவேயில்லை.

"சவலை அதுல இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டுப் போறேனே, உனக்கென்ன?" என்பாள்.

இப்போது ஆய்வுக்கூடத்தை மூடுகிறார்கள். சோதித்து நிரூபித்ததை மட்டும் நுண்ணுயிரிச் சேமிப்பகம் வாங்கிக்கொள்ளும். மற்றதை நீராவியில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள். அக்கா இந்த உலகத்தில் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

அதனால் போன வாரம் அதிலிருந்து எடுத்து இரண்டு குழாய்களில் வளர வைத்தாள். குளுட்டமின் உள்ளது சிவக்க வேண்டும். இல்லாதது சிவக்கவே கூடாது; சிவந்தால் அது சவலை அல்ல, தேறியது.

நான் ஒரு முடிவு எழுதி அவளிடம் நீட்டினேன்: இரண்டாவது குழாய் தண்ணீராய்த் தெளிந்திருந்தது. அக்கா சிரித்தாள்.

"பாக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டியா?"

"ஆசைதான்க்கா."

"ஆசை வேற, ரிசல்ட் வேற. அடிச்சிடு."

அடித்துவிட்டேன்.

5

விளக்குப் பெட்டியைத் திறந்துவிட்டோம். முதல் குழாய் அமோகமாகச் சிவந்திருக்கிறது. இரண்டாவது அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"நீ பாருடா."

நானும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வாசகரே, நீங்கள் மூன்றாம் மனிதர், உங்களுக்கு ஆசை குறுக்கே நிற்காது. அதை எடுத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கத்திச் சொல்லுங்கள், தெருவுக்கே கேட்கட்டும். சிவந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அவள் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவருகிறேன்.