வாளிக்கு விழாத ஓட்டு

ஆக்சிலியாவின் மிஷினில் காலையிலிருந்து இரண்டாவது ஊசியும் உடைந்தது. ஓட்டு எண்ணுகிற நாளில் தைக்க உட்கார்ந்ததே தப்பு. ஆனால் பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது, காக்கி டவுசர் மட்டும் நாற்பது பாக்கி. சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னும்தான் பைத்தியம் பிடிக்கும்.

அவள் புருஷன் டென்னிஸ் விடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டிய காலத்துக் கறுப்பு ஷூவை அதே மாதிரி துடைத்துப் போட்டுக்கொண்டு, வேட்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. மூன்றாவது தேர்தல். முதல் தேர்தலுக்கு ஆக்சிலியா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். இந்தத் தடவை, "வரும்போது பதினாறாம் நம்பர் ஊசி வாங்கிட்டு வாங்க" என்று சொன்னதோடு சரி.

கோவில்பத்துப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் அவர்கள் சந்தில் இருபத்திரண்டு வீடுகள். சந்தின் வாய் பன்னிரண்டடி அகலம். அதில் மூன்றடியை ஒரு கட்சியின் கொடிமேடை பிடித்துக்கொண்டிருக்கிறது. பளிங்குக்கல் பதித்த மேடை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைசி வீட்டில் தீப்பிடித்தபோது டென்னிஸ்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். முன்னால் விட்டார், பின்னால் எடுத்தார், ஒடித்துப் பார்த்தார். வண்டி திரும்பவில்லை. ரோட்டிலிருந்தே ஹோஸை ஒவ்வொன்றாக இணைத்து இழுத்துக்கொண்டு போவதற்குள் கூரை விழுந்துவிட்டது. உள்ளே படுக்கையில் கிடந்த யாகப்பனைப் போர்வையோடுதான் வெளியே எடுத்தார்கள்.

மேடையை எடுக்கச் சொல்லி டென்னிஸ் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அந்த மேடை உயரம் வரும். ஒவ்வொரு மேசையிலும் மரியாதையாக உட்காரவைத்து ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "கொடிக்கம்பத்துல யாரு சார் கை வைக்கிறது?" சட்டசபைக்குப் போனால்தான் கை வைக்க முடியும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நின்றார். அன்றைக்குப் பிடித்த சனி.

முதல் தேர்தலில் வாளிச் சின்னம். நெருப்பு அணைத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிவப்பு வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னார். தோற்றாலும் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. இரண்டாவது தேர்தலில் எங்கிருந்தோ இன்னொரு டென்னிஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனும் வாளி கேட்டான். சீட்டுக் குலுக்கினார்கள், வாளி அவனுக்குப் போயிற்று. நம்ம டென்னிஸுக்கு நகவெட்டி. தொண்டை கிழியக் கத்தினார், "வாளி டூப்பு, நகவெட்டிதான் நானு" என்று. யார் காதில் விழுந்தது? வாளிக்கு ஆயிரத்துச் சொச்சம், நகவெட்டிக்கு அறுபத்தொன்று. அதிலும் ஆக்சிலியாவுடையது இல்லை. பொத்தான் வரிசையைப் பார்த்ததும் அவள் கை தானாக வாளிக்குப் போய்விட்டது. இன்றுவரை இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கோவிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

அதற்கப்புறம் ஐந்து வருஷமும் டென்னிஸ் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போனாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் வாளி டூப்பு, வாளி டூப்பு. இந்தத் தடவை குலுக்கலில் அந்த வாளி அவருக்கே விழுந்தது. நகவெட்டி, இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத வேறொரு சுயேச்சைக்குப் போனது.

நாலு மணி வெயிலில் டென்னிஸ் திரும்பி வந்தார். ஊசிப் பாக்கெட்டை மிஷின்மேல் வைத்துவிட்டு ஷூ நாடாவை அவிழ்த்தார்.

"எவ்வளவு?" என்றாள்.

"நாப்பத்தெட்டு."

"நாப்பத்தெட்டா? நம்ம சந்துலயே எழுபது ஓட்டு இருக்கேங்க!"

"நகவெட்டிக்கு ஐநூத்தி முப்பது. அந்த ஆளே என்கிட்ட வந்து கேக்குறான், 'எனக்கு யாருண்ணே போட்டாங்க'ன்னு."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். அவள் பாக்கெட்டைப் பிரித்துப் புது ஊசியை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வீட்டு ஆஸியா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார். யாகப்பன் வீடு இருந்த இடத்தில்தான் இப்போது அவர் வீடு. அவர் புருஷன் மீரா சாகிப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடக்கிறார். புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

"என்ன தம்பி, ஜெயிச்சாச்சா? நானும் மருமவளும் ஒண்ணா போயி நகவெட்டியத் தேடிப் புடிச்சு அமுக்குனோம். அவுக கட்டில்ல கெடந்தபடி, 'நகவெட்டிய மறந்துடாதே'ன்னு மூணு தடவை சொல்லி அனுப்புனாக."

டென்னிஸ் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, இந்தத் தடவை என் சின்னம் வாளிக்கா."

"வாளி டூப்புன்னு நீதானே தம்பி சொன்னே? ஒரு தடவையா ரெண்டு தடவையா?"

"அது போன தேர்தல்ல. இப்ப நானே வாளியத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்தேனே!"

"நீ என்னைக்குத் தம்பி வாளியில்லாம வந்தே? வாசல்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கோமான்னு பாக்க வந்தியாக்கும்னுல்ல நெனச்சேன்! தண்ணி ரொப்பித்தானே இருந்துச்சு?"

"மெஷின்ல என் போட்டோ இருந்துச்சேக்கா."

"போட்டோவா? ஸ்டாம்பு அளவுல ஒட்டி வச்சா என் கண்ணுக்கு எங்க தெரியும்?"

ஆக்சிலியாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? சந்து முழுக்க நன்றியோடு போய் அவருக்கென்றே நினைத்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இந்த மனுஷன் ஐந்து வருஷம் தெருத்தெருவாகப் போய்ச் செய்திருக்கிறார். ஆஸியா பீவியைத் திட்டலாம் என்றால், போன தேர்தலில் தன் கையே வாளிக்குப் போனது ஞாபகம் வந்தது.

"விடுங்கக்கா. வெயிலா இருக்கு, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

எட்டாம் நாள் காலையில் சந்து வாயில் மணல் வந்து இறங்கியது. ஜெயித்த கட்சிக்குப் பழைய மேடைக்கு எதிர்ப்பக்கத்தில் புது மேடை. செம்பியன் என்ற கொத்தனாரும் ஒரு சித்தாளும் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். டென்னிஸ் உள்ளேயிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு போய் ரோட்டில் குந்தினார்.

"ரெண்டரை அடி எடுக்குறீங்க. மிச்சம் ஆறரை. ஆட்டோதான் வரும், தம்பி. ஆம்புலன்ஸ்கூட நுழையாது."

"என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது? அளவு அவுங்க குடுத்தது. சாயங்காலம் எம்.எல்.ஏ. வர்றாரு, அதுக்குள்ள ஈரம் காயணும்" என்றான் செம்பியன். பொய் சொல்கிறவன் மாதிரி தெரியவில்லை. டென்னிஸ் மறுபடியும் அளந்தார். மறுபடியும் ஆறரைதான் வந்தது.

சித்தாள் ஆக்சிலியா வாசலுக்கு வந்தாள். "யக்கா, தண்ணி மொள்ள ஒரு வாளி குடுக்கா. எங்களுது ஓட்டையாப் போச்சு."

வாசலில் அந்தச் சிவப்பு வாளி நிரம்பி இருந்தது. ஆக்சிலியா புருஷனைப் பார்த்தாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "குடு. அந்தப் புள்ள என்ன பண்ணும்" என்றார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீரை அப்படியே தெருவில் கவிழ்த்துவிட்டு வெறும் வாளியை நீட்டினாள்.

சாயங்காலம் வெடி வெடித்தது, கொடி ஏறியது. எம்.எல்.ஏ. வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றது. அவர் இறங்கி டென்னிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஆளுங்கதான் சார் அரசியலுக்கு வரணும்" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு வாளி திரும்பி வந்தது. உள்ளே சிமெண்ட் ஒட்டிக் காய்ந்திருந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆக்சிலியா குழாயடியில் அதை விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போய், மீரா சாகிப்பின் கட்டில் காலடியில் வைத்தாள்.