கடைசிக் கழுதைக்குட்டி

நான் அந்தக் கழுதைக்குட்டியை அறுத்த மறுநாள் காலையில் சமாதானம் வந்து கோட்டைக் கதவைத் தட்டியது.

முற்றுகையின் ஐந்தாம் மாதம். காபூர் ஆற்றங்கரையில் எங்கள் ஊர் ஷுர்னாத். மதிலுக்கு வெளியே எதிரிப் படை, உள்ளே பசி. நான் யாஷுப், அரண்மனைக் கழுதைகளைக் காப்பவன். கழுதைகள் எல்லாம் படைவீரர்களின் வயிற்றுக்குள் போன பிறகும் ஒரே ஒரு குட்டியை மட்டும் ஊர்த்தலைவர் ஹாபில் என்னிடம் விட்டு வைத்திருந்தார்.

"உன் உசுரு போனாலும் இது இருக்கணும்டா."

காரணம் ஊருக்கே தெரியும். பகை தீர்ந்தது என்று சத்தியம் செய்ய ஒரு கழுதைக்குட்டியை வெட்ட வேண்டும். பணிந்து போகிறவன் தன் தொழுவத்திலிருந்து கொண்டுவர வேண்டும்.

என் மகள் தாரிபாவுக்கு ஆறு வயது. நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை. முந்தின நாள் மனைவி அன்னு கத்தியைத் தீட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தையிடம் போய் உட்கார்ந்தாள்.

இப்போது வாசலில் எதிரித் தூதன் இபால், நன்றாகத் தின்ற முகத்தோடு நின்றான்.

"எங்க ராஜாவுக்கு இங்க இருந்து இருந்து சலிச்சுப் போச்சு. குட்டிய வெட்டுங்க, சத்தியம் பண்ணுங்க. நாங்க கெளம்பறோம்."

ஹாபிலின் கண் கலங்கியது. "யாஷுப், ஓடு. கொண்டா."

நான் நகரவில்லை.

"எங்கடா குட்டி?"

"எம் புள்ள வயித்துல, ஐயா."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பிறகு கோயிலில் குறி பார்க்க வைத்திருந்த ஆட்டுக்குட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

இபால் அதைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "ஆட்ட வெட்டிப் பண்ற சத்தியம், கறி செரிக்கிற வரைக்கும்தான் நிக்கும், பெரியவரே."

"அப்ப உங்க கூடாரத்துலேருந்து ஒரு குட்டி குடுங்கப்பா. கால்ல விழறேன்."

"எங்க கழுதைய வெட்டினா, சத்தியம் எங்களை மட்டும்தானே கட்டும்? நாங்க திரும்பினதும் முதுகுல குத்துவீங்க."

நான் முன்னால் போய் மண்டியிட்டேன். "அறுத்தது நான். குட்டிக்குப் பதிலா என்னை வெட்டுங்க."

இபால் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மனுசன வெட்டறதுக்குச் சத்தியம் எதுக்குண்ணே? அது நாளைக்குச் சும்மாவே நடக்கும்."

இபால் ஏறிப் போன குதிரையின் சத்தம் தேய்ந்தது. ஹாபில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வீட்டுக்குப் போடா. உன்னைக் கொன்னு எனக்கு என்ன ஆகப்போகுது?"

போனேன். தாரிபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. வெளியே, மதிலை இடிக்கும் மரத்தண்டை வண்டியில் ஏற்றி எங்கள் பக்கம் தள்ளிவரும் கூச்சல்.

"அப்பா, கறி இன்னும் இருக்கா?"

அன்னு என்னைப் பார்த்தாள். பிறகு வெளிக் கூச்சலைக் காது கொடுத்துக் கேட்டாள். நாலு நாளைக்கு வரட்டும் என்று உப்புப் போட்டு வைத்திருந்ததை மொத்தமாக எடுத்துச் சட்டியில் போட்டாள்.

"இருக்கும்மா," என்றேன். "வயிறு முட்டச் சாப்பிடு."