யார் முதலில் நிறுத்துவது

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். அரசியலுக்காக அடித்துக்கொள்கிறவர்களை ஒன்றாக உட்கார்ந்து இசைக்கருவி வாசிக்க வைத்தால், அடுத்தவர் பக்க நியாயம் காதில் விழுமாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் பிடிக்கத் துப்பில்லாதவர், ஜனநாயகத்தைக் கழுவக் கிளம்பிவிட்டார்.

நானும் நம்பினேன். வேறு வழி? டிரைவிங் ஸ்கூல் நடத்தும் என் வீட்டுக்காரர் ஒரு கட்சி, எதிர் வீட்டிலிருக்கும் என் அண்ணன் இன்னொரு கட்சி. தேர்தலுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், இவரைக் கண்டால் மட்டும் தன் வாயை இறுக மூடிக்கொள்வார். அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஆளுக்கொரு வாசலா கட்ட முடியும்?

இருவருக்கும் கொஞ்சம் வாசிக்கத் தெரியும் என்பதால் செக்ரட்டரி ஒரு திட்டம் போட்டார்: அண்ணன் கீபோர்டில் தன் கொள்கையை வாசிக்க, இவர் எலக்ட்ரானிக் டிரம்ஸில் துணைக்குப் போக வேண்டும். பிறகு இவருக்கு அவர் துணை. கடைசியில் சேர்ந்து முடிக்க வேண்டும். "எப்படி முடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"மனசு ஒத்துப்போச்சுன்னா பாட்டு தானா முடிஞ்சிடும் மேடம்," என்றார் செக்ரட்டரி.

அன்று மாலை ஹாலில் நல்ல கூட்டம். அண்ணன் மெல்ல இழுத்து இழுத்து வாசித்தார், நிலையான ஆட்சியாம். இவர் அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மாற்றமாம். இருவரும் சேர்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிக்க வேண்டிய இடமும் வந்தது. யாரும் முடிக்கவில்லை.

முதலில் நிறுத்துகிறவன் தோற்றவன் என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. கூட்டம் கைதட்டிப் பார்த்தது. எழுந்து நின்றும் கைதட்டியது. பிறகு நின்ற வாக்கிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணனுக்கு விரல் இழுத்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் பிரேக் போடக் கற்றுக்கொடுக்கிற மனுஷன், வியர்வை சொட்டச் சொட்ட அடித்துக்கொண்டே இருந்தார். செக்ரட்டரி "அருமை, அருமை" என்றபடி கதவுப் பக்கம் நகர்ந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"யாரு அது?" இருட்டில் இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"நான்தான்."

"உனக்கு இசையும் தெரியாது, அரசியலும் தெரியாது. நீ எதுக்கு இதுல மூக்கை நுழைக்கிற?" என்றார் அண்ணன்.

"நல்லா கேளுங்க மச்சான்! வீட்டுலயும் இவ இப்படித்தான்," என்றார் இவர்.

மச்சான்! தேர்தலுக்குப் பிறகு இவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அப்போதுதான். என்னைத் திட்டிக்கொண்டே சேர்ந்து படியேறினார்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கல்யாணத்தன்று வாசலில் இருவரும் ஜோடியாகத்தான் நின்றார்கள். வந்தவர்களிடமெல்லாம் நான் சுவிட்சை அணைத்த கதையை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டதே என்று நானும் சிரித்து வைத்தேன். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று இரண்டு பேரில் ஒருவர்கூட இன்றுவரை கேட்டதில்லை.