சுருட்டி வைக்கிற டிரம்ஸ்

அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததை மச்சான் மேசைமேல் உருட்டிவிட்டதும் டிரம்ஸ்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. கால்மிதி மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு, அதில் தட்டினால் டிரம்ஸ் சத்தம் கொடுக்கும் ஒன்பது வட்டங்கள். காலால் அழுத்த, ஒயரில் தொங்கும் இரண்டு குட்டி மிதிகள், இரண்டு குச்சிகள். ‘ஆரம்ப நிலையினருக்கு ஏற்றது’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்.

“புதுசா கத்துக்கிறவங்களுக்கு இது சரிப்படுமான்னு பாத்துச் சொல்லு மாப்ள. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?” என்றார் மச்சான்.

கற்றுக்கொள்ளப் போகிறவர் யார் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. மச்சானின் மகளைக் கட்டிய மருமகன், வேலை போனதிலிருந்து வீட்டோடு இருப்பவன், சன்னலோரம் நின்று விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தான். பாட்டுக்குழு மச்சானுடையது. கீபோர்டு அவர், பாடுவது அவருடைய தங்கை, அந்தத் தங்கையைக் கட்டியவர் டிரம்ஸ்காரர். டிரம்ஸை ஏற்றினால் வேனில் பாதி இடம் போய்விடுகிறது என்று மச்சான் கொஞ்ச நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தார். இது ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். டிரம்ஸ்காரர் ஒன்றும் பால்குடிக் குழந்தையில்லை. தன் இடத்துக்கு வந்திருக்கும் சாமானைத் தன்னையே விட்டுச் சோதிக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. அவரை இறக்கிவிட்டாலும் அவர் மனைவி அந்த வேனில் ஏறித்தான் ஆக வேண்டும், வீடு அதில்தான் ஓடுகிறது. “அண்ணன்கிட்ட நான் என்னங்க பேச முடியும்?” என்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

நல்லவேளையாக, சாமான் படுமட்டம். நாலு தட்டுத் தட்டியதிலேயே தெரிந்துவிட்டது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். அதுவும் குச்சி பட்டபின் ஒரு நூலிழை தாமதித்து வருகிறது. மிதியோ கால் வைத்தால் நழுவி ஓடுகிறது. குப்பை, திருப்பி அனுப்புங்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட வேண்டியதுதான்.

“சும்மா தட்டினா என்ன தெரியும்? பாட்டோட அடிச்சுப் பாரு,” என்றார் மச்சான். “தங்கச்சி, நீ ஒண்ணு பாடு.”

அவள் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். அவள் எடுத்தது மெதுவான பாட்டு, ஒவ்வொரு வரியிலும் மூச்சு நீளும் பாட்டு. தாளம் கொஞ்சம் பிசகினாலும் பாடுகிறவள் கதி அதோகதி. தெரிந்துதான் எடுத்தாளா, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா என்று அவர் பிற்பாடும் கேட்கவில்லை.

கெடுப்பது சுலபம். ஒரே ஒரு இடத்தில் அந்தத் தாமதத்தை அப்படியே விட்டுவிட்டால் போதும். ஆனால் விழப்போவது விரிப்பு இல்லையே, அவள். அதுவும் அண்ணன் முன்னால், அந்தப் பயல் முன்னால். அவருக்கு மனசு வரவில்லை. சத்தம் பிந்துகிறதா, கையை ஒரு நூலிழை முந்தவிட்டார். மெல்லிய அடி வர வேண்டிய இடங்களைச் சும்மா விட்டார். மிதியை மேசைக்காலோடு முட்டக் கொடுத்து மிதித்தார். மூன்றாவது வரிக்குள் அந்த ரப்பர் துண்டு அவர் சொன்னபடி கேட்டது. வெட்கக்கேடு, அவருக்கே அது பிடித்தும் இருந்தது.

“பிரமாதம்! இதுக்கா மூஞ்சிய அப்படி வெச்சிருந்த?” என்றார் மச்சான்.

“இல்ல மச்சான், மெதுவா அடிச்சாலும் பலமா அடிச்சாலும் ஒரே சத்தந்தான். லேட்டா வேற வருது.”

“நீ அடிச்சப்ப ஒண்ணும் தெரியலையே.”

“நான் அடிச்சதாலதான் தெரியல.”

சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மருமகனும் மரியாதைக்குச் சிரித்துவைத்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று.

“இப்ப நீங்க அடிங்க தம்பி,” என்று மச்சான் குச்சிகளை வாங்கி மருமகனிடம் கொடுத்தார். “அதே பாட்டு, தங்கச்சி.”

டிரம்ஸ்காரருக்கு உயிர் வந்தது. இனி அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், இவன் கைபட்டால் சாமானின் லட்சணம் தானே சந்தி சிரிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். மருமகனின் முதல் அடியே பிந்தியது, இரண்டாவது அதைவிட மோசம். ஆனால் அவள் தடுமாறவில்லை. வரி வரியாக, இடம் தப்பாமல் பாடிக்கொண்டே போனாள். அவன் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான்.

“பாத்தியா மாப்ள? ரெண்டு வாரத்துல தேறிருவாரு!” என்றார் மச்சான்.

இவள் எப்படி விழாமல் போகிறாள் என்று டிரம்ஸ்காரருக்கு விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் கண் மருமகன் பக்கமே இல்லை, அவருடைய மடியில் இருந்தது. குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை அவர் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆத்திரம் பொங்கியது, முதலில் கைமேல், அப்புறம் அவள்மேல்.

கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவள் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்திருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் அந்தப் பையைவிட்டு அகலவில்லை.