பதினான்கில் நிற்கும் சத்தம்

கூடத்தில் டிவி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயர், பிளேயர், ஒயர்கள் எல்லாம் மர அலமாரிக்குள் கதவு சாத்திக் கிடக்கும். "வீடா இது, ரிப்பேர் கடையா?" என்று அவள் ஒருமுறை முகம் சுளித்ததற்காகக் கணவர் அப்படி ஒளித்து வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக உயிர் பெறும்.

அவர் போன மறுவாரமே அலமாரி தானாக விழித்துக்கொள்ளத் தொடங்கியது. மாலை ஆறு மணி, அவருக்கு மருந்து கொடுத்த நேரம். பழக்கம் விடாமல் அவள் படுக்கையறைக்குப் போய் அவர் படுத்திருந்த ஓரத்தில் உட்காருவாள். உடனே, மூடிய கதவுக்குப் பின்னால் 'டக்'. பிறகு அவருடைய பழைய பாட்டு. ரிமோட்டோ கூடத்து மேசைமேல் சும்மா கிடக்கும்.

"அத்தானுக்கு அங்கயும் பொழுது போகல போல," என்று துணைக்கு வந்திருந்த தங்கை சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. எல்லாத்தையும் கழட்டி யாருக்காவது குடுத்துடலாம்."

அக்காவுக்குப் பயமில்லை. தான் வந்து உட்கார்வது அவருக்குத் தெரிகிறது என்று நம்பினாள். கழற்றினால் அந்த 'டக்'கும் போய்விடும். அதுதான் பயம்.

தங்கை அழைத்த மெக்கானிக் அலமாரியைக் குடைந்துவிட்டுக் கேட்டார். "இன்னொரு ரிமோட் இருக்காம்மா? இது சுவரைத் தாண்டியும் வேலை செய்யும்."

"இருந்துச்சு. ஆஸ்பத்திரி சாமானோட தொலைஞ்சுபோச்சு."

"ஆறு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

காட்டினாள். மெத்தையின் ஓரத்துக்கு அடியில் அவர் கையை விட்டுத் துழாவினார். "இதோ! நீங்க உக்காந்தா பொத்தான் அமுங்குது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

தங்கைக்குப் போன உயிர் வந்தது. அக்காவுக்கு வீடு இரண்டாம் முறை காலியானது.

மெக்கானிக் ரிமோட்டை இழுத்தார். வரவில்லை. கட்டில் சட்டத்தோடு டேப் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தது. அவர் முகம் மாறியது. பிய்த்தெடுத்து, லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார்.

"பாட்டைப் போட்டுட்டு, கடைசியில சத்தத்தைப் பதினாலுல நிறுத்துன்னு உங்க வீட்டுக்காரர் இதுல பதிஞ்சு வச்சிருக்காரே. முணுமுணுப்பு மாதிரில்ல இருக்கும்?"

"எனக்குச் சத்தம்னா தலை வலிக்கும். அவர் முப்பதுக்குக் குறைய வைக்கவே மாட்டார். எப்ப மாத்தினார்?"

ரிமோட்டில் பதிவாகியிருந்த தேதியை மெக்கானிக் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்த நாள். அன்று காலை கணவர், "சட்டை மாத்திக்கணும், நீ கொஞ்சம் வெளிய இரு," என்று அவளை அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். "ஒரு சட்டைக்கு இவ்வளவு நேரமா?" என்று வெளியிலிருந்து அவள் கடிந்துகொண்டாள். திறந்தபோது அதே சட்டைதான். மூச்சு மட்டும் வாங்கியது.

"எடுத்த இடத்துலயே ஒட்டிடுங்க," என்றாள்.

"அக்கா!"

"நீ சும்மா இருடி."

அன்று ஆறு மணிக்கு அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். டக். பாட்டு எழுந்து, தணிந்து, பதினான்கில் நின்றது. அறை வாசலில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கேக்குதுங்க," என்றாள் அவள், சுவரைப் பார்த்து.