பின்னுக்குப் போன லப்டொப்

இடி விழுந்தது ஐஸ் ஆலையில் இல்லை, பக்கத்து ஒழுங்கையில் நின்ற தென்னையில். ஆனால் அந்த வெளிச்சத்தோடு போன மின்சாரம் விடியத்தான் வந்தது. வந்ததும் குருநகர் முழுக்க காற்றாடி சுழன்றது, தண்ணீர் மோட்டார் இரைந்தது. ஐஸ் ஆலை மட்டும் மூச்சுக் காட்டவில்லை.

ஜெனிற்றா சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். பிறகு சுவரோடு பொருத்தியிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. ஐஸுக்குக் குளிர் கொடுக்கிற கொம்பிறசர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற மூளை அந்தப் பெட்டிதான். மின்சாரம் இல்லாத நேரத்தில் அதன் நினைவைக் காக்கிற சின்னப் பற்றறி எப்போதோ செத்திருக்கிறது. இரவோடு இரவாகப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

முந்தி வேலை பார்த்தவர் பிரான்சுக்குப் போன பிறகு, போன வருசந்தான் ஜெனிற்றாவைக் கடற்றொழிலாளர் சங்கம் இந்தத் தன் ஆலைக்கு எடுத்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள், இந்தக் கரையிலேயே பிறந்தவள், கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருசன் சுரேஸ் கடலுக்குப் போகிறவன். இறால் நல்லாகப் படுகிற காலம். ஐஸ் இல்லாமல் ஒரு வள்ளமும் கடலில் தங்கித் தொழில் செய்ய ஏலாது.

வெயில் ஏறமுன் வாசலில் சனம் கூடிவிட்டது. மீன் வாங்கி விற்கிற மரியநாயகி, மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற றெஜிபோம் பெட்டிகளை வெறுமையாக அடுக்கிவைத்து, அதிலொன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளை, ஐஸ் வருமோ வராதோ? ஒரு சொல்லுச் சொல்லு. ஐஸ் இல்லையெண்டால் வியாபாரியள் இறாலைக் கேக்கிற விலையைப் பாக்கேலாது."

"பாத்துக்கொண்டுதான் நிக்கிறன், மாமி."

சங்கத்துப் பொருளாளர் லெனாட்டுக்குப் பொறுமை குறைவு. இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர்.

"உந்தப் பெட்டியை விட்டிட்டு ஒரு வயரை நேர குடுத்து ஓட்டு, தங்கச்சி. முந்தி எல்லாம் அப்பிடித்தானே ஓட்டினவை."

"ஏலாது, அண்ணை. அழுத்தம் கூடினால் மிசினை நிப்பாட்டுறதும் உந்தப் பெட்டிதான். அது இல்லாமல் ஓட்டி அமோனியா வெளியிலை வந்துதெண்டால், கோயிலடி வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடேலாது."

லெனாட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கத் தலைவர் சிமியோன் குறுக்கே வரவில்லை. "அப்ப என்ன வழி?" என்று மட்டும் கேட்டார்.

"கொழும்புக்கு எடுத்துக் கேக்கிறன்."

அந்தப் பெட்டியைப் பொருத்திக்கொடுத்த கொம்பனியில் தொலைபேசியை எடுத்தவள் றஜிதா என்றொரு பொறியியலாளர், சொந்த ஊர் கரவெட்டி. விசயத்தைக் கேட்டதும் நல்ல செய்தியை முதலில் சொன்னாள்.

"உங்கடை ஆலைக்கு எழுதின புரோகிராம் எங்களிட்டைப் பத்திரமாய்க் கிடக்கு. இப்பவே அனுப்பிவிடுறன். ஆனால் அதைப் பெட்டிக்குள்ளை ஏத்துற மென்பொருள் சரியான பழசு. விண்டோஸ் செவினுக்கு மேலை சரிவராது. எங்களிட்டை இருந்த பழைய லப்டொப்பும் செத்துப்போச்சு."

"அப்ப புதுப் பெட்டி?"

"வெளிநாட்டிலை இருந்து வரோணும். ஒரு மாசம் எண்டு வையுங்கோ."

ஒரு மாசம். இறால் காலமே முடிந்துவிடும். ஜெனிற்றா அந்தச் சொல்லை வெளியில் போய்ச் சொல்லவில்லை.

அவளிடம் ஒரு லப்டொப் இருந்தது. படிக்கிற காலத்தில் ஆரோ பாவித்ததை வாங்கியது. பிறகு யாழ்ப்பாணம் டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெரிசனிடம் கொடுத்து விண்டோஸ் டென் போட்டிருந்தாள். அதில்தான் இணையத்தில் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். றஜிதா அனுப்பியதை அதில் ஏற்றிப் பார்த்தாள். மென்பொருள் திறந்தது. ஆனால் பெட்டிக்கும் லப்டொப்புக்கும் இடையில் போடுகிற கேபிளை அது அடையாளம் காணவே இல்லை. புது விண்டோஸுக்குள்ளேயே பழையதை ஒரு தனி யன்னலாகத் திறந்தும் பார்த்தாள். பெட்டியோடு பேசத் தொடங்கும், பாதியில் அறுந்துபோகும். திரும்பத் தொடங்கும், திரும்பவும் அறுந்துபோகும்.

"முழுசாய் மாத்தினால்தான் சரி," என்றாள் சுரேஸிடம். வள்ளம் கட்டிக் கிடந்ததால் அவன் பின்னேரம் வீட்டில்தான் இருந்தான்.

"மாத்தினால் உன்ரை வகுப்பு?"

"அது பழசிலை திறக்காது. போனிலை பாக்கலாம், எழுத்துத்தான் சின்னன். பிள்ளையின்ரை ஞானஸ்நானப் படங்களையும் முதல்லை உங்கடை போனுக்கு ஏத்தோணும்."

"ஏத்து," என்று போனை நீட்டினான் சுரேஸ். "நாளைக்குக் காலமை நானே கொண்டுபோய் விடுறன்."

காலையில் கடை திறக்கும்போதே இருவரும் ஜெரிசனின் வாசலில் நின்றார்கள். ஜெரிசன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"என்னக்கா இது? சனமெல்லாம் விண்டோஸ் பதினொண்டு போட்டுத் தா எண்டு வருது. நீங்கள் ஏழு கேக்கிறியள்."

"பதினொண்டிலை ஐஸ் வராது, தம்பி."

அவன் சிரிப்பு நின்றது. கதையை முழுக்கக் கேட்டான். பிறகு மேசைக்குக் கீழே கிடந்த பெட்டியைக் கிண்டி, உறை கிழிந்த ஒரு டிவிடியைத் தேடி எடுத்துத் தன் சேட்டிலே துடைத்தான்.

லப்டொப் அந்த டிவிடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புதிய முறையில் தொடங்கும்படி பூட்டியிருந்த அமைப்பை ஜெரிசன் உள்ளே போய் மாற்றினான். அதற்குப் பிறகு நீலத்திரை வந்தது, மொழி கேட்டது, சம்மதம் கேட்டது. கடைசியில், இந்த லப்டொப்பின் வன்வட்டில் என்னைப் போட ஏலாது என்று நின்றுகொண்டது.

"வட்டு பிரிச்சிருக்கிற விதம் இதுக்குப் பிடிக்காது. முழுக்க அழிக்கோணும், அக்கா. அழிச்சால் திரும்ப எடுக்கேலாது. நான் பட்டனை அமத்தவோ?"

ஜெனிற்றா கொஞ்சம் யோசித்தாள். எல்லாம் அழிந்த பிறகும் கேபிள் பேசாவிட்டால்? லப்டொப்பும் இல்லை, ஐஸும் இல்லை. மரியநாயகி மாமி அந்த வெறும் றெஜிபோம் பெட்டியின் மேல் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது.

"விடும். நான் அமத்துறன்."

அமத்தினாள். பிறகு வேலை வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் எழுந்து வந்த லப்டொப் அவளுடையது மாதிரியே இல்லை. எழுத்தெல்லாம் கடைப்பலகை எழுத்தாகப் பெருத்துக் கிடந்தது, வைஃபை இல்லை, நீல நிற யூஎஸ்பித் துவாரம் செத்துக் கிடந்தது. மற்றப் பக்கத்தில் இருந்த கறுப்புத் துவாரம் உயிரோடு இருந்தது. அதில் பென்டிரைவைச் செருகி, கேபிளுக்கான டிரைவரை ஏற்றினாள். மூலையில் 'தயார்' என்று ஒரு சின்னப் பலூன் கிளம்பியது.

"அக்கா, அது பிடிச்சிட்டுது!" என்றான் ஜெரிசன். கடை வாசல் படங்கை இறக்கி மூடிவிட்டு அவனும் தன் மோட்டார் சைக்கிளில் அவர்கள் பின்னால் வந்தான்.

ஆலைக்குள் சனம் விலகி வழிவிட்டது. ஜெனிற்றா முதலில் பெட்டிக்குப் புதுப் பற்றறி போட்டாள். பிறகு எண்ணெய்ப் பீப்பாவின் மேல் லப்டொப்பை வைத்து, கேபிளைச் செருகி, மென்பொருளைத் திறந்தாள்.

தொடர்பு இல்லை.

திரும்பவும் அமத்தினாள். தொடர்பு இல்லை.

"நான் நேத்தே சொன்னனான்," என்று லெனாட் தொடங்கினார். சிமியோன் கையைக் காட்டி மறித்தார்.

ஜெனிற்றா லப்டொப்பின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அது அந்தக் கேபிளுக்கு எந்தத் தொடர்பு இலக்கத்தைக் கொடுத்திருக்கிறது என்று பார்த்தாள். ஏழு. மென்பொருளில் தெரிவு செய்ய இருந்த இலக்கங்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குமேல் அந்தப் பழசுக்கு எண்ணத் தெரியவில்லை.

"அட, இவ்வளவுதானா!" என்று வாய்விட்டே சொன்னாள். கேபிளின் இலக்கத்தை இரண்டாக மாற்றினாள். அமத்தினாள்.

திரையில் பெட்டியின் பெயர் வந்தது. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊரத் தொடங்கியது. மரியநாயகி செபமாலையைக் கையில் எடுத்தாள். கோடு பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, முடிந்தது. பெட்டிக்குள் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

ஆரோ கை தட்டினார்கள். ஜெனிற்றா கையை உயர்த்தி மறித்தாள். "பொறுங்கோ. அழுத்தம் கூடினால் நிக்குதோ எண்டு பாக்காமல் ஓட்டமாட்டன்."

பாதுகாப்புச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி மறுமொழி சொன்னது. அதற்குப் பிறகுதான் சுவிட்சில் கை வைத்தாள்.

கொம்பிறசர் ஒரு தரம் இருமியது. பிறகு அந்த ஆழமான, சீரான இரைச்சல் தரையில் ஏறிக் காலில் ஏறியது. குருநகரில் அந்த இரைச்சலை ஒருவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள். சுரேஸ் விசிலடித்தான். ஜெரிசன் ஆரென்று தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தான். போனில் காத்திருந்த றஜிதாவும் அந்த இரைச்சலைக் கேட்டுக் கொழும்பில் கத்தினாள்.

மறுநாள் காலை தகர அச்சுகளைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கவிழ்த்தபோது, ஆள் நீளத்துக்கு ஐஸ் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வந்தன. அரைக்கிற மிசின் கடகடவென்று கத்தியது. மரியநாயகி ஒரு துண்டை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே துண்டை ஜெனிற்றாவின் கன்னத்திலும் வைத்தாள்.

"குளிருதே? உன்ரை ஐஸ்தான்."

சிமியோன் லப்டொப்பின் மூடியைத் தட்டினார். "இதை இனி ஆலைக்கு விடு, பிள்ளை. உனக்குப் படிக்கிறதுக்குச் சங்கம் புதுசு வாங்கித் தரும்."

"விடுறன், ஐயா. ஆனால் ஒருத்தரும் உதுக்கு இன்ரநெற் குடுக்கப்பிடாது. புது விண்டோஸ் போடுறன் எண்டு ஒருத்தரும் கை வைக்கவும் கூடாது." ஐஸ் பார்க்க வந்திருந்த ஜெரிசன் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

சுரேஸின் வள்ளத்துக்கு ஐஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது றஜிதாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஜெனிற்றா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, பருத்தித்துறைப் பக்கத்திலை ஒரு ஐஸ் ஆலை. அதே பெட்டி. அங்கையும் பற்றறி மாத்தினதா ஆருக்கும் தெரியாதாம். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கு. நிக்கிறதுக்கு முன்னம் உங்களாலை ஒருக்கால் போகேலுமோ?"

அவள் சிமியோனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற லெனாட், சட்டைப் பையிலிருந்து தன் ஓட்டோச் சாவியை எடுத்தார்.

"ஏறு, தங்கச்சி. நான் கொண்டுபோய் விடுறன்."

"ஓம், றஜிதா," என்றாள் ஜெனிற்றா, லப்டொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "இப்பவே வெளிக்கிடுறன்."