மத்தியானத்துக்கு ஒரு ஆள்

மூன்றாவது கரண்டி சூப்பை டீச்சர் துப்பினார். அது போதகரம்மாவின் முன்கையில் வழிந்தது.

"உப்பே இல்ல. இத்தனை வருஷக் குடித்தனத்துல ஒரு சூப்பு வைக்கத் தெரியல" என்றார், பக்கவாதத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வாயால். உப்பைக் குறைக்கச் சொன்னது டாக்டர். அதைச் சொல்லிச் சொல்லி போதகரம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். போதகருக்குத் தலைக்கனம், அவர் பெண்டாட்டிக்கு அதைவிட என்று வீடு வீடாகச் சொல்லி, சபையில் பாதியைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அவர் விழுந்து கிடந்தபோது, கூடப் போனவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரே தம்பி போனை எடுப்பதில்லை. போதகர் ஆஸ்பத்திரிக்குப் போய், நேராகத் தன் வீட்டு முன்னறைக்கே கூட்டிவந்துவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாமதானே செய்யணும்" என்றார். அந்த 'நாம'வில் காலை ஜெபம் அவர் பங்கு. பெட்பேன் அவள் பங்கு.

அன்றிலிருந்து அவளுக்கு வெளிவாசல் இல்லை. கூடப்பிறந்த அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அலுத்துக்கொள்ளவும் வழியில்லை, போதகர் மனைவி அலுத்துக்கொண்டால் அது ஊர்ச் செய்தி. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று, "உங்க அன்பைப் பார்த்தா எங்களுக்கே வெக்கமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் வராமல் போனார்கள். ஒவ்வொரு பாராட்டும் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

ஒருநாள் விரிப்பை மாற்றும்போது டீச்சர் கேட்டார்: "உனக்கு என்னைப் பிடிக்கல, இல்ல?"

வழக்கமான சிரிப்பு உதடுவரை வந்தது. அன்றைக்கு அதைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லை.

"பிடிக்கல, டீச்சர்."

"தெரியும். எனக்கு மட்டும் இங்க கிடக்க ஆசையா? எந்திரிக்க முடிஞ்சா நேத்தே போயிருப்பேன்."

அந்த அறையில் மாட்டிக்கொண்டது தான் ஒருத்தி மட்டுமல்ல என்பது போதகரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை போதகர், "நாளைக்கு அன்பைப் பத்திப் பேசறேன். கடைசில நீ வந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லு" என்றார்.

"வேண்டாங்க."

"உன்னைப் பார்த்துத்தானேம்மா ஜனங்க கத்துக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றபோது, வீட்டில் யோசித்து வைத்திருந்த வசனம் எதுவும் வரவில்லை.

"எனக்கு ரொம்ப அன்புன்னு எல்லாரும் சொல்றீங்க. அப்படியெல்லாம் இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் செய்யறேன். சில நாள் டீச்சர் கூப்பிடறது காதுல விழுந்தும், விழாத மாதிரி அடுப்படியில நின்னிருக்கேன். என்னால தனியா முடியல. அவங்க மேல உங்களுக்குக் கோபம் இருக்கும். எனக்கும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். மத்தியானத்துக்கு ஒரு ஆள் வேணும். யார் வரீங்க?"

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். போதகர் வேதப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை, காதுமடல் சிவந்திருந்தது. அப்படியே கடைசிப் பாட்டை அறிவித்தார்.

பாட்டு முடியும்வரை அவள் நிற்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக, ஆலயத்தை ஒட்டியே இருந்த வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஒலிபெருக்கி கண்ணில் பட்டது. வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது, முன்னறை ஜன்னலுக்கு நேர் மேலே பாடிக்கொண்டிருந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

டீச்சர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"இங்க நல்லாக் கேக்குது" என்றார்.

"டீச்சர், நான்..."

"அப்போ நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்கு."

"கேட்டுச்சு."

டீச்சரின் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நோய் வந்ததிலிருந்து அந்தக் கண் எப்போதும் வழிந்துகொண்டுதான் இருந்தது. இது எந்த நீர் என்று சொல்ல முடியவில்லை.

"யாராவது வரேன்னாங்களா?"

"ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"அத்தனை பேர்லயா?"

"அத்தனை பேர்லயும்."

டீச்சரின் வாய் இன்னும் கோணியது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அதுல பாதிப் பேருக்கு, பிறனை நேசின்னு நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன்."

போதகரம்மாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, முதுகு எரியுது" என்றார் டீச்சர்.

அவள் குனிந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் புரட்டினாள். டீச்சர் நல்ல கையை அவள் கழுத்தில் போட்டுக்கொண்டார். புரட்டி முடிந்தது. கை விலகவில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. குனிந்து நின்றவளுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. 'விடுங்க டீச்சர்' என்பது நாக்குவரை வந்து நின்றது.

வெளியே பாட்டு ஓய்ந்தது. நாற்காலிகள் இழுபட்டன, செருப்புச் சத்தங்கள் படியிறங்கின. வியர்வையில் நனைந்த அந்தத் தலைமுடியில் கன்னம் அழுந்த, நிமிர முடியாமல் குனிந்தபடியே, ஒரு சத்தமாவது இந்தப் பக்கம் திரும்புகிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.